கால் கழுவுவதற்கு முன் கால் கழுவியவர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் குருத்து ஞாயிறு முடிந்த கையோடு தங்கள் காலைத் தாங்களே கழுவத் தொடங்கிவிடுவார்கள். வேலை விட்டதும் நேரே பீலியடிக்குப் போவார்கள். மலைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக வந்து விழும் அந்த இடத்தில்தான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கே குளியல், துவையல் எல்லாம். அங்கே தேங்காய் நாரும் செங்கல் துண்டுமாக உட்கார்ந்து, திங்கள் தொடங்கி நாலு நாள் தேய்ப்பார்கள். தேய்த்த காலுக்கு எண்ணெய் பூசுவார்கள்.

தோட்டத்துக் காலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். செருப்பில்லாமல் பனியிலும் சேற்றிலும் நாளெல்லாம் நிற்கிற கால் அது. விரலிடுக்கில் சேற்றுப்புண். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புகள், புதியதும் பழையதும். குதிகால் வெடிப்புக்குள் தேயிலைக் கறை ஏறிக் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும். அதை எடுக்க நாலு நாள் போதாது. ஆனாலும் எடுப்பார்கள். வியாழன் அன்று லயத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் பாதை சேறாக இருக்கும் என்பதால், கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவர்கள் போல மேட்டில் ஏறுவதைச் சின்ன வயதில் நான் வேலியில் நின்று பார்த்திருக்கிறேன். கோயில் வாசலில் சாக்கை அவிழ்ப்பார்கள். உள்ளே சாமியார் தம்முடைய காலைவிடச் சுத்தமான காலில் தண்ணீர் ஊற்றித் துடைப்பார்.

இதை மாற்ற வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அப்போது நான் அட்டன் டவுனில் படிப்பை முடித்து, ஒரு சர்ட்டிபிக்கேட்டும் ஒரு சோடி சப்பாத்துமாகத் திரும்பியிருந்தேன். ஆசிரியர் கலாசாலையிலிருந்து கடிதம் வரும் வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வயது பத்தொன்பது. நான் வந்து சரிசெய்வதற்காகவே இந்தத் தோட்டம் இத்தனை வருடம் காத்திருந்தது போல எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்து மணியை இடம் மாற்றினேன். பெரியவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினேன். கோயிலில் ஞாயிறுதோறும் செபம் நடத்தும் உபதேசியார், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர், நல்ல மனிதர். என்னை நிறுத்துவதற்கு ஒரே வழி நான் கேட்டதைக் கொடுத்துவிடுவதுதான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அந்தத் தவக்காலத்தில் நான் கால் கழுவும் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். சீடர்களில் முதலானவரான இராயப்பர், என் காலை நீர் கழுவவே கூடாது என்று மறுக்கிறார். கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் சொன்னதும் அப்படியே புரண்டு, அப்படியானால் காலோடு விடாதீர், கையையும் தலையையும் கழுவும் என்கிறார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்தது. மறுப்பதிலும் அவசரம், கொடுப்பதிலும் அவசரம்.

வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைத்தது. ஆண்டவர் கழுவியது நடந்து வந்த காலை, தெருப்புழுதியோடு இருந்த காலை. எங்கள் ஆட்கள் கொண்டுபோவது முன்னதாகவே கழுவி எண்ணெய் பூசிய காலை. அழுக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போவது தாழ்மையா, அகந்தையா? உபதேசியாரிடம் இதை மூன்று நாள் பேசினேன். நாலாம் நாள் அவர், "சரி மாஸ்டர், நீங்களே சொல்லிருங்க" என்றார்.

குருத்து ஞாயிறு செபம் முடிந்து, ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நிற்கும்போது எழுந்தேன்.

"இந்த வருஷம் யாரும் காலைத் தேய்ச்சுக் கழுவிட்டு வரக்கூடாது. மலையில இருந்து எப்படி இறங்குறீங்களோ அப்படியே வரணும்."

பின்னால் ஒரு கவ்வாத்துக்காரர் கேட்டார். தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கிற வேலை அவருக்கு. "அட்டையோடயா மாஸ்டர்?"

"அட்டை இருந்தா அட்டையோட."

"அப்ப சாமி அதுக்கும் சேத்து ஞானஸ்நானம் குடுத்துருவாரு."

கோயிலே சிரித்தது. இன்னொருவர், "சப்பாத்துக்குள்ள கால வச்சுக்கிட்டுச் சொல்றது லேசு" என்றார், யாரையும் பார்க்காமல். எந்தத் தீர்க்கதரிசியைத்தான் முதலில் பார்த்துச் சிரிக்காமல் விட்டார்கள் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு போகும்போது, குவளையும் துடைக்கும் துவாயும் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் முழங்காலில் நகர்ந்து போக ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையையும் உபதேசியாரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். மனதுக்குள் அதை எத்தனையோ தடவை செய்து பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு பேரை லயம் வரிசையாக எடுப்பது எங்கள் வழக்கம். ஒருவருக்கு ஒரு முறை வந்து போனால் மறுபடி வர வருடங்கள் ஆகும். அந்த வருடம் எங்கள் லயத்தின் முறை. அப்பாவின் பெயரும் இருந்தது. முன்பு ஒரு தடவை அவர் முறை வந்தபோது, கவ்வாத்துக் கத்தி வழுக்கி வலது காலில் இரண்டு விரல் போய், கட்டோடு படுத்திருந்தார். அதனால் இது அவருக்கு முதல் தடவை. அப்பாவின் காலை சாமியார் கழுவும்போது பக்கத்தில் நான் குவளையோடு இருப்பேன். இதைவிட என்ன வேண்டும்?

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உபதேசியார் என்னை நிறுத்தினார்.

"மாஸ்டர், ஒங்கப்பா பேர எடுத்துறச் சொல்லிட்டாரு. வேற ஆளப் போடணுமாம்."

"ஏனாம்?"

"அது சொல்லல. இன்னும் மூணு பேரும் வரலையாம். ஆளு சேராட்டி இந்த வருஷம் கால் கழுவுறது இல்லன்னு சாமிக்குச் சொல்லிற வேண்டியதுதான்." அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா பேரை எடுக்கச் சொன்னீங்க?"

"காலு சரியில்ல தம்பி."

"சரியில்லாத காலோடதான் வரணும். அதைத்தானே நான் சொன்னேன்." நான் தொடங்கிவிட்டேன். பந்தி, துண்டு, புழுதி, இராயப்பர், எல்லாம். அப்பா முழுவதையும் கேட்டார். கடைசியில் சாயத்தண்ணித் தேநீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து போனார். ஆடு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கொழுந்தெடுப்பவள். என் பேச்சைப் பாதியில் வெட்டுவதற்குத் தோட்டத்தில் அவளுக்கு மட்டுமே தைரியம் இருந்தது.

"முடிஞ்சுதா பெரசங்கம்?"

"நீயாவது அவருக்குச் சொல்லேன்."

"என்னத்தச் சொல்ல? ஒனக்குத் தெரியுமா, அவரு தவக்காலம் தொடங்குன விபூதிப் புதன்ல இருந்து தெனமும் அந்தக் கால உப்புத் தண்ணியில ஊற வச்சுக்கிட்டு இருந்தாரு. மரக்கறித் தோட்டத்துக்குப் பின்னால, யாரும் பாக்காம. நான்தான் சுடுதண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். வெரலு போன எடத்துல தோலு கல்லாட்டம் இறுகிப் போயிருக்குல்ல, அது கொஞ்சம் மெத்துன்னு ஆனாப் போதும்ன்னாரு. சாமி கழுவுறது வலது கால்தானே. ஞாயித்துக்கெழம நீ பேசினதுல இருந்து சுடுதண்ணி கேக்கல."

நான் மரக்கறித் தோட்டத்துப் பக்கம் பார்த்தேன்.

"தாழ்ம தாழ்மங்கிற," என்றாள் அக்கா. "காட்டப் போறது அவரு காலு. ஒன் காலு பத்திரமா சப்பாத்துக்குள்ள இருக்கு." ரொட்டிக் கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உடனே மனம் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். புதன்கிழமை முழுவதும் நான் சரி என்பதற்கு வசனம் தேடினேன். பிள்ளைகளுக்குக் கணக்கைப் போட்டுவிட்டு, மேசைக்கடியில் சுவிசேஷத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதே பகுதியை வரிவரியாகப் போனேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியும் கிடைக்கவில்லை. ஆண்டவர் எழுந்தார், துண்டைக் கட்டினார், தண்ணீர் எடுத்தார், குனிந்தார். கால் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அவர் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பியவன் நான். இத்தனை நாளும் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் நான் துண்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்றிருக்கிறேன். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவனாக ஒரு தடவைகூட இருந்து பார்த்ததில்லை. இராயப்பர் எதற்காக அப்படிப் பதறினார் என்று கேட்டுப் பார்த்ததும் இல்லை.

வியாழன் காலை பெரட்டுக்குப் போனேன். விடியும் நேரத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற களம் அது. மாஸ்டருக்கு அங்கே வேலை இல்லை என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஓரத்தில் கத்தியோடு நின்றார். அவர் மட்டும் பார்க்கவில்லை.

"நான் ஞாயித்துக்கிழமை சொன்னது பிழை," என்றேன். வழியெல்லாம் நல்ல வாக்கியங்கள் அமைத்துக்கொண்டு வந்திருந்தேன். வாயில் வந்தது இது ஒன்றுதான்.

அட்டையைப் பற்றிக் கேட்ட அதே கவ்வாத்துக்காரர், "எது மாஸ்டர், கணக்குப் பாடமா?" என்றார்.

"கால் கழுவ வேண்டாம்னு சொன்னது. எப்பவும்போல கழுவிட்டு வாங்க. எல்லாரும் வாங்க."

அவர் தம் காலை ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்தார். "இத இன்னைக்குச் சொல்றீங்க. நாலு நாளு போச்சு. மத்தியானம் வேல விட்டு, சாமி வர்றதுக்குள்ள இதத் தேய்ச்சு முடியுமா? மம்பட்டியாலதான் செதுக்கணும்."

"நான் தேய்ச்சு விடுறேன்," என்றேன்.

களமே சிரித்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு அல்ல இது. "கண்டாக்கையா, நீங்க சாட்சி," என்று யாரோ வேலை மேற்பார்க்கும் கண்டாக்கைப் பார்த்துச் சொன்னார். "மாஸ்டரு பேச்சு மாறக்கூடாது."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு மேடேறும்போது, என்ன சொல்ல, முதுகிலிருந்து ஒரு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஓடினேன்.

மத்தியானம் பீலியடிக்கு நான்தான் முதலில் போனேன். சப்பாத்தைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன். அக்கா அன்று அரை நாள் வேலையோடு, அரைப்பேர் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் சுடுதண்ணீர், ஒரு கை உப்பு, நார், செங்கல், எண்ணெய் எல்லாம் அவள் ஏற்பாடு. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், வரவில்லை என்றிருந்த மூன்று பேரும்கூட. முதலில் கூச்சம். நாலாவது ஆளுக்குப் பிறகு வேடிக்கையாகிவிட்டது.

"மாஸ்டர், அது அழுக்கில்ல, மச்சம். விட்டுருங்க."

"குதிகால்ல ஒரு வெடிப்பு இருக்கும் பாருங்க, போன வருஷம் தொலைஞ்ச ஊசி அதுக்குள்ளதான் கெடக்கணும்."

நகத்துக்குள் கறை ஏறியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு காலும் ஒவ்வொரு பாரம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சிலர் முழுப் பாரத்தையும் கையில் விட்டுவிடுவார்கள். சிலர் பாதியைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

அப்பா கடைசியாக வந்தார். தோளில் துண்டு, கையில் வாளி, தண்ணீர் எடுக்க வந்தவர் போல.

"ஏறி வா. நான் கழுவிக்கிறேன்."

"உக்காருங்கப்பா."

"படிச்ச புள்ள. நாலு பேரு பாக்குறாங்க."

"நாலு பேரு இல்லப்பா, பதினோரு பேரு," என்றாள் அக்கா. "எல்லாரும் கால குடுத்துட்டு நிக்கிறவங்கதான்."

"குடுங்கண்ணே," என்றார் கவ்வாத்துக்காரர். "கையி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் செங்கல்ல கவனமா இருந்துக்கங்க."

அப்பா உட்கார்ந்து இடது காலை நீட்டினார். கழுவினேன். அடுத்தது என்று சொல்லாமல் கையை நீட்டியபடியே இருந்தேன். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிறகு வலது கால் வந்தது. பாதிப் பாரம்தான் முதலில். விரல் இருந்த இடத்தில் தோல் மடிந்து, கறுத்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. தவக்காலம் முழுவதும் ஊற வைத்ததில் நடுவில் ஒரு காசளவு மட்டும் இளகியிருந்தது.

"அங்க அழுத்தாத. அது இன்னும் கூசும்."

செங்கலைக் கீழே வைத்துவிட்டு விரலால் தேய்த்தேன். சுடுதண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அந்தக் கால் முழுவதாக என் கையில் இறங்கியதை உணர்ந்தேன். எண்ணெய் பூசித் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எறங்குனது எறங்கிட்ட," என்று திரும்பி உட்கார்ந்தார். "அப்படியே முதுகையும் தேச்சு விட்டுரு. கையி எட்டுறதில்ல."

அக்கா சிரித்த சிரிப்பில் சுடுதண்ணீர்த் தகரம் கவிழ்ந்தது.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி சாமியார் நடந்து வந்துவிட்டார். இரவில் டவுன் கோயிலில் அவருக்குப் பூசை இருந்ததால் எங்களுக்கு நாலரை மணிக்கே மணியடித்தார்கள். பன்னிரண்டு பேரும் சாக்கைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். நான் தலை முதல் கால் வரை நனைந்திருந்தேன். இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டையைத் தேடி ஓடி, அதை மாட்டிக்கொண்டு, சப்பாத்தைப் பீலியடியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தபோது பூசை பாதி நடந்திருந்தது. கோயில் நிறைந்து வாசல்வரை ஆட்கள். உபதேசியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோட்டத்து டிஸ்பென்சரிக் கம்பவுண்டரிடம் குவளையையும் துவாயையும் கொடுத்துவிட்டார் என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள்.

ஒரு நிமிடம் வலித்தது. இல்லையென்று சொன்னால் பொய். உள்ளே புகுந்து போகலாமா என்றுகூடப் பார்த்தேன்.

அப்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பித்தளைத் தாம்பாளத்தில் விழுந்து நிற்கிற சத்தம். முதல் ஆள். அதே சுவிசேஷத்தில், யோர்தான் கரையில் ஞானஸ்நானம் கொடுத்தவர் மணமகனின் தோழனைப் பற்றிச் சொல்லுகிற இடம் ஒன்று உண்டு. கலியாணம் தோழனுக்கல்ல. அவன் பக்கத்தில் நின்று மணமகனின் குரலைக் கேட்கிறான், கேட்டுச் சந்தோசப்படுகிறான், அவ்வளவுதான் அவன் பங்கு. அந்த இடத்தை நான் எப்போதும் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். தோழனாக இருப்பதில் என்ன இருக்கிறது என்று. இப்போது வெளியே நின்று, காதைக் கொடுத்துக்கொண்டு, தண்ணீரை எண்ணினேன்.

அக்கா சுவரோரம் மழைத்தண்ணீர் ஓடும் கான் கட்டின் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"எத்தனாவது ஆளு?" என்றேன் மெதுவாக.

"எட்டு. அடுத்தது அப்பா."

தண்ணீர் நின்றது. கம்பவுண்டர் துவாயை உதறுவது கேட்டது.

"கால குடுத்துட்டாரா?"

"இரு... ம். குடுத்துட்டாரு. சாமி ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டாரு."

"அப்பா எங்க பாக்குறாரு? காலையா?"

"இல்ல. கூரையப் பாக்குறாரு." அவள் கம்பியில் இன்னும் எம்பினாள். "பல்லு தெரியுதுடா."

உள்ளே தண்ணீர் விழுந்தது. நான் வெறுங்காலோடு சேற்றில் நின்றுகொண்டு, அந்தச் சத்தம் அடுத்த ஆளுக்கு நகரும் வரைக்கும் மூச்சு விடாமல் கேட்டேன்.